பகலில் செய்த இரவு

தூக்கம் வராதவர்கள் பெரும்பாலும் தலையைத்தான் கவனிக்கிறார்கள். தலையணையை மாற்றுவார்கள், நெற்றியில் தைலம் தேய்ப்பார்கள். கவனிக்க வேண்டியது கால்களை. பாதம் சில்லிட்டிருந்தால் உடம்பு உள்ளுக்குள் விழித்துக்கொண்டேதான் இருக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கணுக்கால் முங்குமளவு வெந்நீரில் பத்து நிமிடம் கால்களை வைத்திருந்து, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் படுத்தால் போதும். உங்கள் கண்களுக்குக் கீழே கறுத்திருப்பதைப் பார்த்ததால் சொல்கிறேன். மூன்று நாளாக நீங்கள் சரியாகத் தூங்கவில்லை. நான் தூங்கினேன். இங்கே கொடுத்த கட்டாந்தரையில்கூட நன்றாகவே தூங்கினேன்.

வெள்ளைத்தாள்களைக் கொடுத்து, "மொதல்ல இருந்து உங்க கைப்பட எழுதுங்கம்மா, அவசரமில்லை" என்றீர்கள். அப்படிச் சொன்னதற்கு நன்றி. என்னிடம் அவசரமில்லை என்று சொன்னவர்கள் குறைவு.

யாரும் அழைத்துவராமல் நானாகத்தான் இந்தப் போலீஸ் அலுவலகத்துக்கு வந்தேன். பேருந்து டிப்போவில் வண்டிகளை அனுப்பிவைக்கும் டைம்கீப்பரை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விழுந்து நொறுங்கிய பேருந்தை ஓட்டியவர் என் கணவர். அவரும் பத்தொன்பது பயணிகளும் இறந்துவிட்டார்கள். ஓட்டுநர் ஓய்வே எடுக்காதபோது ஏழு மணி நேரம் தூங்கியதாகப் பதிவேட்டில் பொய்யாக எழுதி, அவரை வண்டியில் ஏற்றி அனுப்பினார் என்று டைம்கீப்பர் மேல் வழக்கு. அவர் பொய் எழுதவில்லை. நான் சொன்னதை எழுதினார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

என் கணவர் இரவுப் பேருந்து ஓட்டுநர். இரவு ஒன்பது மணிக்கு இங்கிருந்து கிளம்பி, காலை ஐந்து மணிக்கு அடுத்த நகரத்துக்குப் போய்ச் சேர்வார். அன்று பகல் அங்கேயே ஓட்டுநர்களுக்கான ஓய்வறையில் இருந்துவிட்டு, அன்றிரவே கிளம்பி மறுநாள் காலை திரும்பி வருவார். அந்த ஓய்வறையில் பதினாறு கட்டில்கள். அங்கே அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பதோடு சரி. அவர் உண்மையில் தூங்கியது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை. அந்த எட்டு மணி நேரத்தில்தான் அவருடைய இரண்டு நாள் தூக்கமும் அடங்கியிருந்தது.

பகலில் தூங்க வேண்டியவருக்கு ஓர் இரவைச் செய்து கொடுக்க வேண்டும். அது என் வேலை. திருமணமான இரண்டாம் வருடம் வரை அந்த வேலை இல்லை. அந்த வருடம் ஒரு விடியற்காலையில் அவருக்கு ஒரு நொடி கண் அசந்துவிட்டது. பேருந்து சாலையைவிட்டு இறங்கி, உழுதுபோட்ட மண்ணில் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"நாப்பது உசுரு என் கண்ணுமேல இருக்கு. நான் தூங்கினாத்தான் அவங்க பொழைப்பாங்க. புரியுதா உனக்கு?"

புரிந்தது. நாற்பது உயிர் என்று ஒருவர் சொன்ன பிறகு எதிரில் இருப்பவர் என்ன பேச முடியும்?

ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டாக மடித்துத் தைத்தேன். ஓரங்களில் வெளிச்சம் ஒழுகாமல் பசைநாடா ஒட்டினேன். சுவர்க்கடிகாரத்தை எடுத்துவிட்டுச் சத்தமில்லாத ஒன்றை மாட்டினேன். குழாய்களுக்கு மாதம் ஒருமுறை வாஷர் மாற்றக் கற்றுக்கொண்டேன். அழைப்புமணிக் கம்பியை அவரே வெட்டினார். போனைப் போர்வைக்குள் சுருட்டி வைப்போம். பாத்திரங்களுக்கு நடுவே துணி வைத்துத்தான் அடுக்குவேன். செருப்பு வீட்டுக்குள் கிடையாது. மாடி வீட்டு அக்கா ஒருமுறை என்னைப் படிக்கட்டில் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்கு வர்ற ஈயெல்லாம் றெக்கையக் கழட்டி வாசல்லயே வச்சுட்டு வருதாமே? நெசமா?"

நான் சிரித்தேன். தெருவில் எங்கள் வீட்டுக்கு 'உஷ் வீடு' என்று பெயர். விலாசம் கேட்டு வருகிறவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் வழிகாட்டுவார்கள்.

வாசற்கதவின் கீல் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஒரு சின்ன முனகல் போடும். அதனால் காலை எட்டு மணிக்கு அவர் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். நான்கு மணிக்கு அவர் எழுந்து திறக்கும்வரை யாரும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதில்லை. எங்கள் மகளுக்கு மூன்று மணிக்குப் பள்ளி விடும். ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மழை அடித்தால் மாடி வீட்டு அக்கா கூப்பிடுவாள். மகள் போகமாட்டாள். அப்பா கதவைத் திறக்கும்போது தான் அங்கே இல்லாவிட்டால் அம்மா தன்னைத் தேடிச் சத்தமாகக் கூப்பிடவேண்டிவரும் என்பது அவள் பயம்.

என் கணவர் கெட்டவர் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அவர் யார்மீதும் கை ஓங்கியதில்லை. கத்தியதும் இல்லை. கத்தினால் நெஞ்சு படபடக்கும், படபடத்தால் தூக்கம் வராது. பதினோரு வருடமாக ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டினார். டிப்போவில் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்து என்னிடம், "இதுல பாதி உனக்கு" என்றார். அது உண்மைதான் என்று அன்று நினைத்தேன். வேறு எதிலும் எனக்குப் பாதி கிடைத்ததில்லை.

இனி அந்தத் தொலைபேசி வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் வழக்கு அதில்தான் இருக்கிறது.

விதிப்படி, ஓட்டுநர் தானே பதிவேட்டில் ஓய்வெடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். டைம்கீப்பர் அதை ஏற்றுக்கொள்ளமாட்டார். "இவனுங்க கையெழுத்த நம்பி நான் சாவி குடுக்க மாட்டேன், வீட்டுல கேட்டுத்தான் குடுப்பேன்" என்பார். என் கணவரின் கண் அசந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டைம்கீப்பரே ஏற்படுத்திக்கொண்ட முறை அது. ஒவ்வொரு இரவு வண்டிக்கும் முன்னால், மாலை ஐந்தரைக்கு, அன்று ஓட்டப்போகிறவரின் மனைவிக்கோ அம்மாவுக்கோ போன் போடுவார். ஓட்டுநர்கள் அதற்குப் 'பொண்டாட்டி சர்டிபிகேட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் நான் அவரை நான்கைந்து தடவைதான் பார்த்திருப்பேன். ஆனால் என்னோடு இத்தனை வருடம் தவறாமல் பேசிய ஒரே வெளி மனிதர் அவர்தான்.

"தங்கச்சி, நம்ம ஆளு தூங்கினாரா?"

"தூங்கினாரு அண்ணே."

"எத்தனை மணி நேரம்?"

"ஏழு இருக்கும் அண்ணே."

"குறட்டை?"

"ஓடு பறந்துச்சு அண்ணே."

"அப்ப சரி. சாவி குடுத்துர்றேன். நீயும் கொஞ்சம் தூங்கு தாயி."

கடைசி வாக்கியத்தையும் ஒவ்வொரு முறையும் சொல்வார். வேறு யாரும் சொல்லாத வாக்கியம் அது.

அந்தப் போனில் நான் ஒருமுறை உண்மையைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. "இல்ல அண்ணே, இன்னைக்குச் சரியாத் தூங்கல" என்றேன். டைம்கீப்பர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாற்று ஓட்டுநரை ஏற்றினார். மேலதிகாரி மூன்று நாள் ஓய்வு எழுதிவிட்டார். மூன்று நாளும் என் கணவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "என் வேலையில கை வச்சுட்டல்ல" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். பிறகு பேசவே இல்லை. அவர் பேசாததால் நாங்களும் பேசவில்லை. தூங்காத நேரத்திலும் வீடு அவர் தூங்குவதுபோலவே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கிளம்பிப் போனபோது நானும் மகளும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சநேரம் நின்றோம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

மகளுக்கு ஒன்பது வயது. சென்ற வருடம் பள்ளியிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. வகுப்பில் குரல் எழும்புவதில்லை, தொண்டையையும் காதையும் மருத்துவரிடம் காட்டவும் என்று ஆசிரியை எழுதியிருந்தார். அழைத்துப் போனேன். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி, "எங்க, நல்லா சத்தமா 'ஆ' சொல்லு பாப்போம், தெருவுக்குக் கேக்கணும்" என்றார். அவள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். கடிகாரத்தைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது.

"நாலு மணி ஆயிடுச்சாம்மா?" என்று என் காதில் கேட்டாள்.

அப்போது காலை பதினொன்று. வீடு அங்கிருந்து ஆறு தெரு தள்ளி இருந்தது. அவர் அன்று ஊரிலேயே இல்லை.

"தொண்டையில ஒண்ணும் கோளாறு இல்ல, கூச்சம், போகப்போகச் சரியாயிடும்" என்றார் மருத்துவர். நானும் வீட்டில் அப்படியே சொன்னேன். "அடக்கமான பொண்ணுன்னு சொல்லு" என்றார் என் கணவர்.

விடுமுறைக் காலத்தில் ஒருநாள் அவள் கையிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. சமையலறைத் தரையில், பகல் பன்னிரண்டேகால் மணிக்கு. அது இரண்டு தடவை துள்ளி நின்றது. படுக்கையறைக் கதவு திறந்தது. அவர் வந்து கரண்டியை எடுத்து மேடையில் சத்தமில்லாமல் வைத்தார். பிறகு மகளின் தோளில் கை வைத்து, மிகவும் மென்மையாகத்தான் சொன்னார்.

"என் பக்கத்துல வந்து நில்லு. நான் மறுபடி தூங்குற வரைக்கும் நில்லு. அப்பத்தான் தூங்குறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும்."

அவள் போய் நின்றாள். நான் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நான் செய்துகொடுத்த இருட்டு அது. அதில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவர் தூங்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. தரையில் தண்ணீர் பரவுகிற சத்தம். அவள் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்திருந்தாள். வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் துணி கொண்டுபோய் அவளுடைய பாதங்களைச் சுற்றித் துடைத்தேன். துடைக்கும்போது எனக்கும் சத்தம் வரவில்லை. கோபம்கூட அன்று சத்தமில்லாமல்தான் வந்தது.

மாலையில் எழுந்தவர், "பரவாயில்ல, பொறுமை கத்துக்கிட்டா" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். உண்மையாகவே பாராட்டினார்.

அடுத்த முறை அவர் ஊரிலிருந்து திரும்பியபோது வெந்நீர் வைக்க மறந்துவிட்டேன். மறதிதான் என்று அன்று நினைத்தேன். தண்ணீரில் கால் வைக்காமல் படுத்தார். புரண்டுகொண்டே இருந்தார். கதவுக்கு வெளியே கட்டிலின் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். அந்த வீட்டில் அவர் எழுப்பிய சத்தம் அது ஒன்றுதான். கேட்க நன்றாக இருந்தது.

தூங்கவைக்கத் தெரிந்தவளுக்குத் தூங்கவிடாமல் செய்வது தெரிந்துவிடும். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. செய்துகொண்டிருந்ததில் ஒவ்வொன்றாகக் கையை எடுத்தால் போதும். ஜன்னல் ஓரத்தில் பசைநாடாவை நகத்தால் இரண்டு விரற்கடை தூக்கிவிட்டேன். பத்தரை மணிக்கு வெயில் அந்த வழியாக வந்து அவர் கண்ணிமையில் ஒரு கோடு போடும். அவர் எழுந்து ஒட்டிவிட்டுப் படுப்பார். பசை பழசாகிவிட்டது என்றேன். படுக்கும் நேரத்தை அரைமணி முன்னும் பின்னும் தள்ளினேன். சாப்பாடு தாமதமானது, குளிக்கத் தண்ணீர் தாமதமானது. உடம்புக்குப் பழகிய நேரம் கலைந்தால் தூக்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். போர்வையை வெயிலில் போடாமல் மடித்து வைத்தேன். நான் ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை, சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தீர்கள், ஒன்றும் இருக்காது.

எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது ஒரு வாக்கியம். ஒருவரைத் தூங்கவிடாமல் செய்யச் சத்தமே தேவையில்லை. அவர் கண்ணை மூடிய பிறகு, கதவைச் சாத்துவதற்கு முன்னால், எதையோ நினைத்துக்கொண்டதுபோல ஒன்றைச் சொல்ல வேண்டும். பதில் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும்.

"அந்த மலைப்பாதையில தடுப்புச்சுவர் இன்னும் கட்டலையாமே."

"உங்க கூட வேலை பாத்தவருக்குத் திடீர்னு கண்ணு மங்கிடுச்சுன்னு சொன்னாங்களே, உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"சரி சரி, தூங்குங்க."

கடைசியில் 'தூங்குங்க' என்று சொல்வது முக்கியம். தூங்க வேண்டும் என்று நினைக்கிறவனுக்குத் தூக்கம் வராது. அவர் பதினோரு வருடமாக அதை நினைத்துக்கொண்டிருந்தவர். நான் ஞாபகப்படுத்த மட்டும் செய்தேன்.

ஆறு வாரம் இப்படிப் போனது. இருபத்தொரு பகல். அவர் கன்னம் ஒட்டிப்போனது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் கையைத் தட்டில் வைத்தபடி ஒரு கணம் நின்றுபோனார், பிறகு தொடர்ந்தார். மகள் அதைப் பார்த்து, "அப்பா கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறாங்கம்மா" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். நானும் பார்த்தேன். ஒவ்வொரு மாலையும் ஐந்தரைக்கு டைம்கீப்பர் கேட்டார், தூங்கினாரு அண்ணே என்று ஒவ்வொரு மாலையும் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று முதல் நாளே கேட்டீர்கள். தூங்கவில்லை என்று சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது ஏன் உங்களுக்குப் புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அவர் வண்டியில் போனால் எங்களுக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் கிடைக்கும். அந்த நேரத்தில் வாசற்கதவு திறந்திருக்கும். மகள் படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாடுவாள். தூங்காத ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினால் நாங்கள் எங்கே போவது?

கடைசி நாள் மாலை டைம்கீப்பர் ஐந்தரைக்கு ஒருமுறை பேசினார். எட்டரைக்கு மறுபடியும் பேசினார். அப்படி இரண்டாம் முறை அவர் பேசியதே இல்லை. பின்னால் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காத. அவரு கண்ணு கோவப்பழமாச் செவந்து கெடக்கு. நெசமாத் தூங்கினாரா?"

"தூங்கினாரு அண்ணே."

"இங்க மாத்து ஆளு ஒருத்தன் சும்மாத்தான் உக்காந்து பல்லுக் குத்திக்கிட்டிருக்கான். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவனை ஏத்தி விட்டுர்றேன். உன் பேரு வெளிய வராது. நான் பாத்துக்கறேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் அவளை அடக்கவில்லை. என் மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சில் உரசுகிற சத்தம் வராமல், மிக மெதுவாக.

"கண்ணுல தூசி விழுந்திருச்சு அண்ணே. சாயங்காலம் பூரா கசக்கிட்டே இருந்தாரு. தூக்கமெல்லாம் நல்லாத் தூங்கினாரு. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

"அப்ப சரி. உன் வார்த்தைதான் எனக்கு. நீயும் கொஞ்சம் தூங்கு தாயி."

தூங்கினேன். விபத்து மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நடந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மலைப்பாதையில் அல்ல, அதைத் தாண்டி வந்த பிறகு, நேரான சமவெளிச் சாலையில். பாலத்தின் கைப்பிடியை உடைத்துக்கொண்டு வறண்ட ஆற்றில் விழுந்தது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை என்றீர்கள். எனக்கு நான்கு மணிக்குப் போன் வந்திருக்கிறது. நான்கு தடவை அடித்து ஓய்ந்திருக்கிறது. ஐந்தாவது தடவைதான் எனக்குக் கேட்டது. அவ்வளவு ஆழ்ந்த தூக்கம் எனக்கு எத்தனையோ வருடமாக வந்ததில்லை.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், செய்தியில் டைம்கீப்பரின் முகத்தைத் துண்டால் மூடி அழைத்துப் போவதைக் காட்டினார்கள். அவர் வீட்டின்மேல் யாரோ கல்லெறிந்தார்களாம். அவருக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்கும். இருந்தும் என்னைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை என்று டிப்போ ஆட்கள் வந்து சொன்னார்கள். 'அந்தப் பொண்ணு பொய் சொல்லாது' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். அதைக் கேட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தூக்கம் போகவில்லை. ஆனால் மனசு ஒருமாதிரி இருந்தது.

என் மகள் இப்போது என் தங்கையின் வீட்டில் இருக்கிறாள். நேற்று போனில் பேச அனுமதித்தீர்கள். நீ எவ்வளவு வேண்டுமானாலும் சத்தமாகப் பேசலாம் கண்ணு என்று சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. தங்கை போனை வாங்கி, "குட்டி இன்னும் அப்படித்தான்க்கா பேசுது" என்றாள்.

நான் செய்ததைத் தெளிவாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் கணவரின் தூக்கத்தை ஆறு வாரம் திட்டமிட்டுக் கெடுத்தது நான். தூங்கினார் என்று டைம்கீப்பரிடம் பொய் சொன்னது நான். அவர் வண்டியோடு எங்கேயாவது மோதி, இனி வீட்டுக்கு வரவே கூடாது என்று விரும்பியதும் நான்தான். அதையும் மறைக்கவில்லை.

ஆனால் பயணிகளை நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நாற்பது பேர், நாற்பது பேர் என்று எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் தினமும் எங்கள் வீட்டுக்குள் வந்து படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு எங்களை வாய் திறக்கவிடாமல் செய்தார்கள். என் மகள் கரண்டியைக் கீழே போட்டபோது அவர்கள்தான் அவளை இருட்டில் நிறுத்தினார்கள். அவர்களுக்கு முகமே இல்லை. முகமில்லாதவர்களை எப்படி நினைக்க முடியும்? அன்று மாலை அந்த எண்ணம் என் தலையில் இல்லவே இல்லை.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, இந்தக் கடைசி வரிகளில் விரலை வைத்தீர்கள். பிறகு அந்த வண்டியின் முன்பதிவுப் பட்டியலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். பதினேழாம் இருக்கை. என் தங்கையின் பெயர், அதன்மேல் ஒரு கோடு. அன்று பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு ரத்து செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு ஐந்து நிமிடம் முன்பு என் போனிலிருந்து அவளுக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது. "இதையும் எழுதிடுங்க" என்றீர்கள்.

எழுதுகிறேன். அது சின்ன விஷயம்.

மறுநாள் காலை அந்த ஊரில் அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. சமையலறைக்குள் நின்று மெல்லிய குரலில், பஸ் வேண்டாம், ரயிலில் போ என்று சொன்னேன். "ஏன்க்கா, மாமா ஓட்டுற வண்டிதானே, பத்திரமாப் போகலாம்னுதானே போட்டேன்" என்று கேட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்துகொண்டு தூங்க வராது. ரயிலில் என்றால் காலை நீட்டிப் படுக்கலாம், கெட்டியான காலுறை போட்டுக்கொண்டால் பாதம் சில்லிடாது, காலையில் முகம் தெளிவாக இருக்கும். தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் நன்றாகத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை.